வாக்குத்தத்தங்களைப் பற்றிக்கொள்வது எப்படி? வேதத்தில் ஆறுதல் தேடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பயம் வந்த பிறகு வேதத்தைத் திறக்கிறவர்கள்தான் அதிகம். அதில் தவறு எதுவும் இல்லை. சங்கீதங்களில் பல அப்படிப்பட்ட நேரத்தில் வாய்விட்டுக் கதறியவர்களின் வார்த்தைகள்தான். ஆனால் திறந்ததும் எங்கே போவது, கண்ணில் பட்ட வசனம் தனக்குரியதுதானா, "காப்பேன்" என்பது போன்ற வாக்குத்தத்தங்களை, அதாவது தேவன் கொடுத்த வாக்குகளை, எந்த அளவுக்கு நம்பி நிற்கலாம் என்று புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவே இது. இங்கே காட்டும் வசனங்கள் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கையில் இருப்பது திருவிவிலியம் என்றால் சங்கீதம் திருப்பாடல்கள் என்றும், ஏசாயா எசாயா என்றும் இருக்கும். அதிகார எண்ணைப் பிடித்துப் போனால் இடம் கிடைத்துவிடும்.

பயத்துக்குப் பெயர் வைத்துவிட்டுத் திறங்கள்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள்: நான் எதற்குப் பயப்படுகிறேன்? "மனசு சரியில்லை" என்று எழுதினால் போதாது. "நாளை வரப்போகும் பரிசோதனை முடிவுக்குப் பயப்படுகிறேன்", "வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறேன்", "நான் செய்த தப்பைத் தேவன் மன்னிக்கமாட்டார் என்று பயப்படுகிறேன்" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். மூன்றும் பயம்தான், ஆனால் மூன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. குற்ற உணர்ச்சியில் இருப்பவர் சங்கீதம் 91ஐ எத்தனை முறை வாசித்தாலும் மனம் ஆறாது. அவர் போக வேண்டியது சங்கீதம் 51க்கும் 1 யோவான் 1:9க்கும். இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதால்தான் பலர் நல்ல வசனங்களை வாசித்தும் தங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று மூடி வைக்கிறார்கள்.

உடம்பையும் ஒரு நிமிஷம் கவனியுங்கள். 1 இராஜாக்கள் 19ல் எலியா என்ற தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறான். தூதன் வந்து அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். தேவன் அவனோடு பேசுவது அதற்குப் பிறகுதான். இரண்டு நாள் தூங்காமல், சாப்பிடாமல் இருக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது அதுதான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், இந்தக் கட்டுரையைப் பிறகு வாசிக்கலாம். இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

எங்கே திறப்பது

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். அப்படித் திறந்தால் ஒரு நாள் வம்ச அட்டவணை வரும், இன்னொரு நாள் ஏதோ ஒரு பட்டணத்தின்மேல் வந்த நியாயத்தீர்ப்பு வரும். ஏற்கெனவே கலங்கியிருக்கிறவர் அதைத் தனக்கு வந்த தண்டனையாக எடுத்துக்கொண்டு இன்னும் நொறுங்கிப்போவார்.

தொடங்குவதற்குச் சில அதிகாரங்கள் போதும். பொதுவான பயத்துக்குச் சங்கீதம் 23, 46, 121. ஆபத்து நேரில் நிற்கும்போது சங்கீதம் 91. ஆனால் அதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும், கீழே வருகிறது. இனி என்ன ஆகுமோ என்று கலங்குகிறவர்களுக்கு ஏசாயா 40 முதல் 43 வரை. ஒருவரை இழந்த துக்கத்தில் யோவான் 11, யோவான் 14, சங்கீதம் 34. கவலை விடாமல் அரிக்கிறதா? மத்தேயு 6:25–34, பிலிப்பியர் 4:4–9, 1 பேதுரு 5:6–11. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரோ என்ற சந்தேகத்துக்கு ரோமர் 8, எபிரெயர் 13:5–6. தூக்கம் வராத இரவுக்குச் சங்கீதம் 4. எட்டே வசனங்கள், அதன் கடைசி வசனம் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று தொடங்குகிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வாரம் முழுக்க அதிலேயே இருங்கள். தினமும் புது அதிகாரம் தேடி ஓடினால் எதுவும் உள்ளே இறங்காது.

மூன்று வாசிப்பு

முதல் வாசிப்பு வாய்விட்டு, அதிகாரம் முழுவதும், நிறுத்தாமல். சங்கீதங்கள் காதில் விழுவதற்காக எழுதப்பட்டவை. மௌனமாகக் கண்ணை ஓட்டினால் பாதிதான் கிடைக்கும். இரண்டாம் வாசிப்பு பென்சிலோடு: தேவன் செய்கிறதாகவோ செய்வேன் என்று சொல்லுகிறதாகவோ வரும் ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் கோடு போடுங்கள். மூன்றாவதில், உங்கள் தாளில் எழுதிய பயத்தின் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு வசனத்தை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

இரண்டாம் வாசிப்பில் என்ன கிடைக்கும் என்பதற்குச் சங்கீதம் 121ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டு வசனங்கள். கோடு போட்டுப் பார்த்தால் "காக்கிறவர்", "காப்பார்" என்ற சொல் ஆறு இடங்களில் வரும். 3ம் வசனத்தில் "உன்னைக் காக்கிறவர் உறங்கார்", அடுத்ததில் "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை". முழு ஜனத்தையும் காக்கிறவர்தான் உன் ஒருவனுடைய காலையும் பார்த்துக்கொள்ளுகிறார் என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. சங்கீதம் 23ல் இன்னொன்று தெரியும். முதல் மூன்று வசனங்களில் தேவனை "அவர்" என்று சொல்லிக்கொண்டே வருகிற தாவீது, நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கில் இறங்கினதும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேருக்கு நேர் பேச ஆரம்பித்துவிடுகிறான். புல்வெளியில் தேவனைப் பற்றிப் பேசினவன் பள்ளத்தாக்கில் தேவனோடு பேசுகிறான். வேகமாக வாசிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வசனத்திடம் நாலு கேள்வி கேளுங்கள்

எடுத்த வசனத்தை உங்களுக்கென்று பற்றிக்கொள்வதற்கு முன்: யார் சொல்லுகிறார்? யாருக்குச் சொல்லுகிறார்? சரியாக எதைத் தருவதாகச் சொல்லுகிறார்? அதற்கு நிபந்தனை உண்டா?

முதல் கேள்வி சிறியதாகத் தெரியும், ஆனால் அவசியம். வேதத்தில் எழுதியிருப்பதெல்லாம் தேவன் கொடுத்த வாக்கு அல்ல. துன்பப்பட்ட யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் பேசியது பக்கம் பக்கமாக இருக்கிறது. கடைசியில் யோபு 42:7ல் அவர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்லிவிடுகிறார். நீதிமொழிகளும் வேறு வகை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்பது வாழ்க்கை பொதுவாக நடக்கும் விதத்தைச் சொல்லும் ஞானம். அதை உத்தரவாதப் பத்திரமாக எடுத்துக்கொண்ட பெற்றோர், பிள்ளை வழி மாறும்போது இரட்டிப்பாய் உடைந்துபோகிறார்கள்: பிள்ளையைக் குறித்த துக்கம் ஒரு பக்கம், வாக்குப் பொய்த்ததோ என்ற துக்கம் மறு பக்கம்.

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு எரேமியா 29:11ஐ விட நல்ல பயிற்சி இல்லை. "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம் அட்டைகளிலும் சுவர்களிலும் தனியாகத் தொங்குகிறது. அது ஒரு கடிதத்தின் நடுவில் வருவது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்குச் சொல்லியிருந்தான். எல்லோரும் கேட்க விரும்பிய ஆறுதல் அது, பொய்யும் அதுதான். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த அந்நியப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் இந்த வசனத்தில் நமக்கு எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. தாம் சிட்சித்த ஜனத்தையும் தேவன் மறப்பதில்லை, அவர் நினைவு தீமைக்கானதல்ல, காலம் நீண்டாலும் முடிவு அவர் கையில் இருக்கிறது. அடுத்த மாதம் வேலை கிடைக்கும் என்ற வாக்கு மட்டும் அதில் இல்லை. நீண்ட காத்திருப்பில் இருப்பவருக்கு, தனியே பிய்த்த வசனத்தைவிட முழுக் கடிதம் அதிகமாகத் தாங்கும்.

ஒருவருக்குச் சொன்ன வாக்கு எப்போது நம்முடையதாகிறது என்பதை வேதமே ஓர் இடத்தில் செய்து காட்டுகிறது. யோசுவா 1:5ல் "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது யோர்தானைக் கடக்கப்போகும் ஒரு தளபதிக்குச் சொன்னது. எபிரெயர் 13:5 அதே வார்த்தையை எடுத்து, பண ஆசையும் பற்றாக்குறையும் நெருக்கும் சாதாரண விசுவாசிகளுக்குக் கொடுக்கிறது. எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று கவனியுங்கள். தேசத்தைப் பங்கிட்டுக் கொடுப்பாய் என்பதும், உன்முன் ஒருவனும் நிற்பதில்லை என்பதும் யோசுவாவுக்குரிய பணியோடு நின்றுவிடுகின்றன. உன்னை விடமாட்டேன் என்பது தேவனுடைய குணத்திலிருந்து வருகிறது; ஆகவே அது தலைமுறை தாண்டி வருகிறது. புதிய ஏற்பாடு எடுத்து நம் கையில் கொடுக்கும் வாக்குகளைத் தயங்காமல் பற்றிக்கொள்ளலாம். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் "இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே" என்று 2 கொரிந்தியர் 1:20 சொல்லுகிறது. அந்த "அவருக்குள்" என்பதுதான் நமக்கு வழி.

நிபந்தனையைப் பொறுத்தவரை, ஒரு வசனம் முன்னும் பின்னும் வாசித்தாலே தெரிந்துவிடும். பிலிப்பியர் 4:7ன் "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்பது 6ம் வசனத்தோடு கட்டப்பட்டது: விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்த வேண்டும். ரோமர் 8:28ன் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்பதில் அந்த நன்மை எது என்பது 29ம் வசனத்தில் இருக்கிறது: குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. 28ஐ மட்டும் எடுத்தால் நன்மை என்பதை நாமே நிரப்பிக்கொள்வோம்.

காப்பார் என்றால் என்ன? சங்கீதம் 91

இங்கேதான் அதிகமானோர் சறுக்குகிறார்கள், ஆகவே நிதானமாகப் பார்க்கலாம். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்" என்று தொடங்கி, கண்ணி, கொள்ளைநோய், இரவின் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவை உன்னை அணுகாது என்கிறது சங்கீதம். அப்படியானால் விசுவாசிக்கு நோயே வராதா?

இந்தச் சங்கீதத்தை இயேசுவுக்கு எதிராக எடுத்துப் பேசினவன் யார் என்று பாருங்கள். மத்தேயு 4:6ல் சோதனைக்காரனாகிய பிசாசு அவரைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தூதர்களுக்குக் கட்டளையிடுவார், கீழே குதியும் என்கிறான். அவன் காட்டியது சங்கீதம் 91:11, 12. மத்தேயுவில் அவன் சொன்னதைச் சங்கீதத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற பகுதி விடுபட்டிருப்பது தெரியும். தேவன் நடத்தும் வழியில் நடக்கிறவனுக்குக் கொடுத்த வாக்கை, தானே உண்டாக்கிக்கொண்ட ஆபத்துக்குப் பொருத்தச் சொல்லுகிறான். இயேசு அந்த வாக்கைப் பொய் என்று சொல்லவில்லை. உபாகமம் 6:16ஐ எடுத்து, தேவனைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று பதில் சொன்னார். வாக்கைச் சோதித்துப் பார்ப்பது வேறு, அதன்மேல் சாய்ந்துகொள்வது வேறு. மருந்தை நிறுத்திவிட்டு "அவர் காப்பார்" என்கிறவர்கள் உப்பரிகையின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

இனி 15ம் வசனத்துக்கு வாருங்கள். கர்த்தரே பேசுகிறார்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்." ஆபத்து வராது என்பதல்ல, ஆபத்தில் கூட இருப்பேன் என்பதே வார்த்தை. ஏசாயா 43:2ம் அப்படித்தான்: "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்." "கடந்தால்" என்று இல்லை, "கடக்கும்போது" என்று இருக்கிறது. இயேசு கடைசி இரவில் சீஷர்களிடம் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று சொன்ன அதே மூச்சில் "ஆனாலும் திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" என்றார்.

இதைவிடக் கூர்மையான இடம் லூக்கா 21. 16ம் வசனத்தில் "உங்களில் சிலரைக் கொலைசெய்வார்கள்" என்கிறார். இரண்டே வசனம் தள்ளி, "உங்கள் தலைமயிரில் ஒன்றாகிலும் அழியாது" என்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவருக்கே பாதுகாப்பு என்று அவர் எதைச் சொல்லுகிறார் என்பது பிடிபடும்: சரீரம் கொல்லப்பட்டாலும் அவர் கையிலிருந்து எதுவும் தொலைந்துபோவதில்லை. அப்போஸ்தலர் 12ல் ஏரோது ராஜா, இயேசுவின் சீஷனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். அதே அதிகாரத்தில் தூதன் வந்து பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபின் விசுவாசம் குறைந்திருந்தது என்று அதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை. குணமாகாதவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று யாராவது சொன்னால், இந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகத் தேவன் சரீரத்தில் காப்பதே இல்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். வேதம் முழுக்க அவர் தப்புவித்த சம்பவங்கள் இருக்கின்றன; சுகத்துக்காகவும் பயணத்துக்காகவும் தைரியமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தானியேல் 3ல், சிலையைப் பணியாவிட்டால் அக்கினிச்சூளையில் போடுவேன் என்று ராஜா மிரட்டியபோது மூன்று வாலிபரும் அப்படித்தான் நின்றார்கள்: எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் நாங்கள் அந்தச் சிலையைப் பணியமாட்டோம்.

ஜெபித்துவிட்டுக் காவலும் வைக்கலாம்

வாக்கை நம்புகிறவர் மருத்துவரிடம் போகலாமா, கதவைப் பூட்டலாமா என்ற கேள்விக்கு நெகேமியா 4:9 ஒரே வரியில் பதில் சொல்லுகிறது: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். அப்போஸ்தலர் 27 இதையே நீளமாகக் காட்டுகிறது. புயலில் சிக்கின கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது, கப்பல் மட்டும் சேதமாகும் என்று அந்தக் கப்பலில் இருந்த அப்போஸ்தலன் பவுலுக்குத் தூதன் மூலம் வாக்குக் கிடைத்துவிட்டது. அதன் பிறகும் மாலுமிகள் நழுவப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று பவுல் எச்சரிக்கிறான். எல்லோரையும் சாப்பிட வைக்கிறான். கடைசியில் நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், மற்றவர் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரைசேர்ந்தார்கள். வாக்கு நிறைவேறினது அந்தப் பலகைகளின் மேல்தான்.

வீட்டுக்குள்ளேயே அடியும் மிரட்டலும் அனுபவிக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "கர்த்தர் காப்பார், பொறுத்துக்கொள்" என்று யாராவது உங்களை அங்கேயே இருக்கச் சொன்னால், அது வேதத்தின் பேச்சல்ல. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகிக்கொண்டான். வீட்டைச் சுற்றி ஆட்கள் நின்றபோது அவன் மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாய் இறக்கிவிட்டாள். அந்த இரவைக் குறித்தது என்று தலைப்பிட்ட சங்கீதம் 59ல், நெருக்கமுண்டான நாளிலே தேவன் தனக்கு உயர்ந்த அடைக்கலமானார் என்று பாடுகிறான். வெளியேறி ஓடினவனின் பாட்டு அது. பாதுகாப்பான இடத்துக்குப் போவதும் உதவி கேட்பதும் அவிசுவாசம் அல்ல.

வசனத்தை ஜெபமாக்குவது

எடுத்து எழுதிய வசனம் தாளிலேயே இருந்தால் அறிவுதான்; திருப்பித் தேவனிடம் சொல்லும்போதுதான் அது பிடியாகிறது. முறை எபிரெயர் 13:5, 6ல் இருக்கிறது. "அவர் சொல்லியிருக்கிறாரே" என்று முதலில் வருகிறது; "அதினாலே நாம் தைரியங்கொண்டு... சொல்லலாமே" என்று அடுத்து வருகிறது. அவர் சொன்னது, அதற்கு நாம் சொல்வது. ஆதியாகமத்தில் வரும் யாக்கோபும் தன் அண்ணன் ஏசாவுக்குப் பயந்த இரவில் அப்படித்தான் ஜெபித்தான்: உனக்கு நன்மை செய்வேன் என்று சொன்னீரே (ஆதியாகமம் 32:9–12). தேவனுக்கு அவர் வாக்கை நினைப்பூட்டுவது துணிகரமாகத் தோன்றலாம். "வசனத்தை உமது அடியேனுக்காக நினைத்தருளும்" என்று சங்கீதம் 119:49 கேட்கிறது. அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது.

செய்யும் விதம்: தாளில் எழுதிய பயத்தை முதலில் அப்படியே சொல்லுங்கள். பிறகு வசனத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு குறிப்பான ஒரு விண்ணப்பம். கடைசியில் ஒரு நன்றி. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவரின் ஜெபம் இப்படி இருக்கலாம்:

"ஆண்டவரே, நாளைக்கு என்ன சொல்லப்போகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன் என்று சொன்னீர்; உன்னைத் தாங்குவேன் என்றும் சொன்னீர். நல்ல முடிவைத் தாரும். எந்த முடிவு வந்தாலும் அந்த அறையில் என்னோடு இரும். நாளை என்னோடு வருவதற்கு ஒருவரைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில், ஆமென்."

இரண்டு நிமிஷம் போதும். நீளம் ஜெபத்துக்குப் பலம் கூட்டுவதில்லை. வார்த்தையே வராத நாளில் சங்கீதம் 13ஐ அப்படியே வாசித்துவிடுங்கள். ஆறே வசனங்கள்: முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. முறையீட்டைத் தாண்டி நேராக நம்பிக்கைக்குக் குதிக்க முயலாதீர்கள். அப்படிக் குதிக்கிறவர்கள்தான் சில நாளில் ஜெபமே வரவில்லை என்கிறார்கள்.

மனதில் பதிய வைத்தல்

பயம் வரும் நேரத்தில் கையில் புத்தகம் இருக்காது. ஆகவே மனப்பாடம் அவசியம். வசனத்தை அதன் மூட்டுகளில் பிரித்துக்கொள்ளுங்கள். ஏசாயா 41:10 நல்ல தொடக்கம்: "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன், நான் உன்னைப் பலப்படுத்தி உனக்குச் சகாயம்பண்ணுவேன், என் நீதியின் வலதுகரத்தினால் உன்னைத் தாங்குவேன்." இதில் வேண்டாம் என்பது இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், பிறகு மூன்று செயல்: பலப்படுத்துவது, சகாயம் செய்வது, தாங்குவது. முதல் நாள் முதல் பாதி மட்டும். மறுநாள் அதைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த பாதி. மூன்றாம் நாள் முழுதும், இட எண்ணோடு சேர்த்து. எண்ணைச் சேர்க்காவிட்டால் பிறகு சுற்றியுள்ள வசனங்களுக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. ஒரு வாரத்துக்கு ஒன்று என்றால் தாராளம். ஐந்தை ஒன்றாகத் தொடங்கினால் ஐந்தும் கலந்துபோகும். இது பழகினபின் சங்கீதம் 121ஐ நாளுக்கு ஒரு வசனமாக எடுத்தால் எட்டு நாளில் முழுச் சங்கீதமும் வாயில் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வசனத்தைத் தாயத்தாக ஆக்கிவிடாதீர்கள். இத்தனை முறை சொன்னால் நடக்கும், தலையணைக்கடியில் வைத்தால் கெட்ட கனவு வராது, காரில் ஒட்டினால் விபத்து வராது என்பதெல்லாம் எழுத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை. காக்கிறது வாக்குக் கொடுத்தவர்.

ஆறுதல் வராத நாட்கள்

எல்லாம் சரியாகச் செய்தும் உள்ளம் கல்லாகவே இருக்கும் நாட்கள் வரும். சங்கீதம் 88ஐ வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களைப் போல அது நம்பிக்கையில் போய் முடிவதில்லை, இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார் என்பதே, அந்த நாளில் இருப்பவருக்கு இடம் உண்டு என்பதற்கு அத்தாட்சி. உணர்வு வராததால் வாக்கு விலகிப்போய்விட்டது என்று கணக்குப் போடாதீர்கள். பவுல் தன்னை வருத்திய ஒரு உபாதையை "முள்" என்கிறான்; அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினான் (2 கொரிந்தியர் 12). முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கிடைத்தது. கேட்டதற்குப் பதிலாக வேறொன்று கிடைப்பதும் பதில்தான், ஆனால் அதை ஏற்றுக்கொள்ளக் காலம் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம்.

அந்த நாட்களில் தனியாக வாசிப்பதைக் குறைத்து, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம்புகிற போதகரோ சபையில் மூத்தவர் ஒருவரோ தினமும் ஒரு சங்கீதம் வாசித்து ஒரு வரி ஜெபித்தால் போதும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரையும் பாருங்கள்; சிகிச்சையும் ஜெபமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல.

பிறருக்குக் கொடுக்கும்போது

தேவன் நமக்குத் தந்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணி உண்டாகிறது என்று 2 கொரிந்தியர் 1:4 சொல்லுகிறது. ஆனால் நேரம் முக்கியம். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் ரோமர் 8:28ஐச் சொல்லாதீர்கள். அது உண்மை, ஆனால் அந்த மணி நேரத்துக்கு உரியதல்ல. "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்ற சங்கீதம் 34:18ஐ, அவர்கள் விரும்பினால், மெதுவாக ஒரு முறை வாசியுங்கள். விளக்கம் வேண்டாம். தேவன் ஏன் இதை அனுமதித்தார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முயலவும் வேண்டாம். நோயாளி இருக்கும் அறையில் ஐந்து வசனத்துக்கு மேல் வாசித்தால் அவருக்குக் களைப்புத்தான் மிஞ்சும். கிளம்புவதற்கு முன் வசனத்தைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் என்ன சமையல் வேண்டும், யார் கூடத் தங்க வேண்டும் என்பதையும் அவர் வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.